லிட்டர் கணக்கும் ஆள் கணக்கும்

இந்த வாரத் தபால் பையைத் திறந்தால் தாண்டிக்குடி மலையே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. பாதிப் பேர் டீசல் விலையைக் கேட்கிறார்கள், பாதிப் பேர் போரையும் போர்வீரர்களையும் பற்றிக் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே மூட்டைதான். அவிழ்ப்போம்.

ஜீப் ஓட்டுநர், தாண்டிக்குடி
கே: எங்கேயோ நடக்கிற சண்டைக்கு என் ஜீப் எதுக்குங்க தண்டம் கட்டணும்?

ப: நாம் எரிக்கிற கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருவது. கடலில் கப்பலைச் சுட்டால் வத்தலக்குண்டு பங்க்கில் புகை வரும். அதற்காக இறக்கத்தில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்காதீர்கள் தம்பி. பெரும்பாறை வளைவு அந்தச் சிக்கனத்தை ஏற்றுக்கொள்ளாது.

காபித் தோட்டக்காரர், பண்ணைக்காடு
கே: சண்டை நின்றால் பெட்ரோல் விலை இறங்கிவிடும்தானே?

ப: 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. எண்ணெயை எடுத்துக்கொண்டு கையில் காசும் வாங்கிக்கொள் என்ற நிலை. அடுத்த மாதமே மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி கூட்டியது. அன்றைய மாநில அரசும் தன் பங்குக்கு வாட் வரியை ஏற்றியது.

போர் இல்லாமலே விலை ஏற்றத் தெரிந்தவர்கள் நம்மவர்கள். அதனால் போர் நின்றதும் இறக்குவார்கள் என்று காபிக் கொட்டையை அடமானம் வைத்துவிடாதீர்கள்.

அரசு ஊழியர், கொடைக்கானல்
கே: ரஷ்ய எண்ணெய் மலிவு, மலிவு என்றார்களே. அந்த மலிவை யார் பார்த்தது?

ப: சுத்திகரிப்பு ஆலை பார்த்தது. நீங்களும் நானும் பார்க்கவில்லை. உக்ரைன் போருக்கு முன் நம் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதத்துக்கும் குறைவு. பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. ஆனால் சென்னையில் 2022 மே 22 முதல் 2024 மார்ச் நடு வரை பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் 63 காசு. ஒரு காசு அசையவில்லை.

2023-24ல் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் லாபத்தைக் கூட்டினால் ஏறக்குறைய 81,000 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு நட்டத்தை ஈடுகட்டினோம் என்பது அவர்கள் வாதம். பள்ளத்தை மூடிய பிறகு மேடாகவும் ஆக்கிக்கொண்டார்கள் என்பது என் பதில்.

கல்லூரி மாணவி, பெரும்பாறை
கே: எண்ணெய்க் கணக்கு புரிகிறது. இதில் போர்வீரர்கள் எங்கே வந்தார்கள்?

ப: அதே ரஷ்யாவிலிருந்துதான் வரவேண்டியிருந்தது அம்மா. சமையல் உதவி, காவல் வேலை, பாதுகாப்பு உதவியாளர் என்று ஆசை காட்டி அழைத்துப் போகப்பட்ட நம் நாட்டுப் பிள்ளைகள் ரஷ்யப் படையின் உடுப்புக்குள் மாட்டிக்கொண்டார்கள். 2024 ஜூலையில் மாஸ்கோ போன பிரதமர் மோடி இதை நேரடியாக புதினிடம் பேசினார். 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் கொடுத்த கணக்கு: தெரியவந்தவர்கள் 126 பேர், திரும்பியவர்கள் 96 பேர், இறந்தவர்கள் 12 பேர், காணாமல் போனவர்கள் 16 பேர்.

எனக்கு வயிறு எரிவது இங்கேதான். அந்தக் காலம் முழுவதும் எண்ணெய்க் கப்பல் ஒழுங்காக வந்தது. ஆட்கள்தான் தவணையில் வந்தார்கள். 16 கப்பல் காணாமல் போயிருந்தால் அந்த ராத்திரியே டெல்லியில் விளக்கு எரிந்திருக்கும்.

ஒரு தாய், தடியன்குடிசை
கே: பையனுக்கு ரஷ்யாவில் ‘ஹெல்பர்’ வேலையாம், மாசம் 2 லட்சமாம். ஏஜெண்ட் நாளைக்கே பணம் கட்டச் சொல்கிறார். அனுப்பலாமா?

ப: வேண்டாம் தாயே. 2024 மார்ச்சில் இதே மோசடிக்காக சிபிஐ நாடெங்கும் சோதனை போட்டபோது அந்தப் பட்டியலில் சென்னையும் இருந்தது, மதுரையும் இருந்தது. வலை உங்கள் மலையடிவாரம் வரை விரித்திருந்தார்கள்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப அரசு உரிமம் வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள், ஈ-மைக்ரேட் தளத்தில் பையனையே சரிபார்க்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்து கூடவே கூடாது. நாளைக்கே பணம் கேட்கிறவன் நாளன்றைக்கு இருக்க மாட்டான்.

ஓய்வுபெற்ற சுபேதார், அய்யம்பாளையம்
கே: அமைதிப்படையில் இலங்கை போனவன் நான். திரிகோணமலை எண்ணெய்த் தொட்டிகளுக்காகத்தான் எங்களை அனுப்பினார்கள் என்று டீக்கடையில் ஒருத்தர் சொல்கிறார். உண்மையா?

ப: அய்யா, முதலில் வணக்கம். அதற்காக மட்டுமே போனீர்கள் என்றால் அது பொய். அதற்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்றால் அதுவும் பொய்.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கூடவே கடிதங்களும் கைமாறின. அதில் ஒரு வரி, திரிகோணமலை எண்ணெய்த் தொட்டிகளை இந்தியாவும் இலங்கையும் கூட்டாகச் சீரமைத்து நடத்தும் என்பது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் கடற்படைக்குத் தீனி போட்ட தொட்டிகள் அவை. 99 மிச்சம் இருக்கின்றன.

நீங்கள் போய் 32 மாதம் கழித்து, 1990 மார்ச் 24 அன்று, அதே திரிகோணமலையில்தான் கடைசிப் படையினர் கப்பலேறினார்கள். சுமார் 1,200 பேர் திரும்பவில்லை. தொட்டி நம் கைக்கு எப்போது வந்தது? 2003ல். இந்தியன் ஆயிலின் இலங்கைக் கிளை பேச்சுவார்த்தை நடத்திக் குத்தகைக்கு எடுத்தது. 2022 ஜனவரியில் மறுபடி பேசி 99 தொட்டிகளையும் மூன்றாகப் பிரித்தார்கள்: 14 இந்தியன் ஆயில் கிளைக்கு, 24 இலங்கை பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரின் கூட்டு நிறுவனத்துக்கு.

பேனா முடித்த வேலை அது. டீக்கடையில் சொன்னவரிடம் இதைச் சொல்லுங்கள், உங்கள் டீக்கும் அவரையே காசு கொடுக்கச் சொல்லுங்கள்.

அதே ஊர், இன்னொரு முன்னாள் படைவீரர்
கே: திரும்பி வந்த எங்களுக்கு மேளம் இல்லை, மாலை இல்லை. முதலமைச்சரே வரவேற்க வரவில்லை. அது சரியா?

ப: அன்று கருணாநிதி சொன்ன காரணம், அந்தப் படை ஈழத் தமிழர்மேல் சுட்டது என்பது. காரணத்தில் உண்மை இருந்தது. ஆனால் சுடச் சொன்னவர்கள் டெல்லியில் இருந்தார்கள், சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்கள் சொன்னதைச் செய்த சிப்பாய்கள். கோபம் விலாசம் மாறிப் போய்ச் சேர்ந்தது.

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பேரன், குண்டுபட்டி
கே: படைவீரர்களுக்கு இத்தனை கண்ணீரா? அந்தப் படையால் செத்த தமிழ்ச் சனத்துக்கு என்ன பதில்?

ப: தம்பி, உன் கேள்விக்கு நான் எழுந்து நின்று பதில் சொல்கிறேன். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் நம் படை புகுந்தது. நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்கு இந்த நாடு முழு மனதோடு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.

படையை வீட்டுக்குக் கூப்பிடு என்று நான் சொல்வது சிப்பாயின் அம்மாவுக்காக மட்டும் இல்லை. அவன் துப்பாக்கிக்கு எதிரே இருந்த நர்சின் அம்மாவுக்காகவும்தான். அந்தத் தீபாவளிக்கு முன்பே கூப்பிட்டிருந்தால் இரண்டு வீட்டிலும் விளக்கு எரிந்திருக்கும்.

போட்டித் தேர்வர், வத்தலக்குண்டு
கே: அமைதிப்படைக் காலத்தில் பரம்வீர் சக்கரம் பெற்றவர்?

ப: மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், மஹார் ரெஜிமெண்ட். 1987 நவம்பர் 25. நெஞ்சில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பிடுங்கித் திருப்பிச் சுட்டவர். சென்னை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் அணிவகுப்பு மைதானத்துக்கு அவர் பெயர். அந்த மைதானத்தில் கால் பதிக்கிற ஆசை இருந்தால் விடையை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள், காலையில் ஓடவும் செய்யுங்கள்.

மளிகைக் கடைக்காரர், தாண்டிக்குடி
கே: படையைத் திருப்பி அழைத்தால் எண்ணெய் விலை ஏறும் என்று டிவியில் ஒருவர் அடித்துச் சொன்னார்.

ப: அடித்துச் சொன்னால் உண்மையாகிவிடுமா? 1990ஐப் பாருங்கள். மார்ச்சில் நம் படை திரும்பியது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறவில்லை. ஆகஸ்ட் 2 அன்று சதாம் உசேனின் படை குவைத்துக்குள் போனது. எண்ணெய் எகிறியது. அக்டோபரில் வி.பி.சிங் அரசு பெட்ரோலியப் பொருள்களுக்கு 25 சதவீத வளைகுடாக் கூடுதல் வரி போட்டது. படை வீடு திரும்பியபோது விலை ஏறவில்லை, படை வீட்டைவிட்டுப் போனபோதுதான் ஏறியது.

அந்த வருடத்தில் எனக்குப் பெருமையான ஒன்றும் உண்டு. குவைத்திலும் இராக்கிலும் மாட்டிய சுமார் 1,70,000 இந்தியர்களை, பெரும்பாலும் ஜோர்டானின் அம்மான் வழியாக, விமானம் விமானமாகக் கொண்டு வந்தோம். அன்னியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்த நேரம் அது. மறு வருடம் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் ஈடு வைக்கும் அளவுக்கு வறட்சி. ஆளை முதலில் மீட்டோம், தங்கத்தைப் பிறகு அடகு வைத்தோம். அதுதான் சரியான வரிசை.

பிளஸ் டூ மாணவன், ஆடலூர்
கே: ஒரு பேரல் என்றால் எத்தனை லிட்டர்?

ப: 159. எண்ணெய் இப்போது பீப்பாயில் வருவதில்லை, கப்பல் வயிற்றிலும் குழாயிலும் வருகிறது. அளவு மட்டும் பழைய பீப்பாயை விட மாட்டேன் என்கிறது.

வரலாற்று ஆசிரியர், கொடைக்கானல்
கே: எண்ணெய்க்காக இந்தியச் சிப்பாய் கடல் கடந்தது எப்போது தொடங்கியது?

ப: 1914ல். அந்த வருடம்தான் சர்ச்சில் முன்னின்று, ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனியின் பெரும்பங்கை பிரிட்டிஷ் அரசுக்கு வாங்கினார். கடற்படைக் கப்பல்கள் கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்தன. செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னையைச் சுட்டபோது பற்றி எரிந்தது எது? துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். ஆங்கிலோ-பாரசீகக் கம்பெனியைப் பெற்றெடுத்த தாய்க் கம்பெனி அதுதான்.

ஆறே வாரத்தில், நவம்பர் 6 அன்று, இந்தியப் படை பாரசீக வளைகுடா முனையில் ஃபாவ் என்ற இடத்தில் இறங்கியது. இறங்கிய காரணங்களில் முதல் வரிசையில் இருந்தது பக்கத்து அபாதான் சுத்திகரிப்பு ஆலையும் அதன் குழாயும். பிறகு பாக்தாத் ஆசை பிடித்து மேலே மேலே போனார்கள். கூட் நகரில் 147 நாள் முற்றுகை, குதிரை இறைச்சி, 1916 ஏப்ரல் 29 அன்று சரணாகதி. 1918ல் போர் முடிந்தது. அப்போதாவது அனுப்பினார்களா? இல்லை. 1920ல் இராக் மக்கள் கிளர்ந்து எழுந்தபோது அடக்கப் போனதும் இந்தியப் படைதான்.

பாஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் கட்டினார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் பொறித்தார்கள். இந்திய அதிகாரிக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு? ரெஜிமெண்டுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை. எண்ணெயைப் பீப்பாய்க் கணக்கில் எழுதுகிறவன் ஆளையும் அப்படியே எழுதிவிட்டான்.

தொல்லியல் ஆர்வலர், தாண்டிக்குடி
கே: நம் ஊர்க் கற்திட்டைகளில் போர்வீரர்கள் புதைந்திருக்கிறார்களா?

ப: பேராசிரியர் கா. ராஜன் உங்கள் ஊரில் அகழ்ந்து பார்த்தது பெருங்கற்கால ஈமச்சின்னங்களை. எல்லாரையும் வீரர் ஆக்கிவிட முடியாது. வீரனைப் பார்க்க வேண்டுமானால் மலையைவிட்டு இறங்கி வைகைக் கரைக்குப் போங்கள். 2006ல் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. ஒன்றில், கூடலூர் ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், விழுந்த அந்தவன் என்பவனின் பெயர் இருக்கிறது.

அன்றைக்கு ஆநிரைதான் செல்வம். மாட்டுக்குச் சண்டை போட்டார்கள், செத்தவனுக்குக் கல் நட்டார்கள். 2,000 வருடம் கழித்து நாம் அந்தவன் என்று பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது. பாஸ்ராச் சின்னத்தைப் பார்த்து நம் சிப்பாயை 100 வருடத்திலேயே அப்படிக் கூப்பிட முடியவில்லை.

தையல் கடைக்காரர், வத்தலக்குண்டு
கே: எண்ணெய்ச் சண்டையில் ஜெயித்தவர் யார்?

ப: டேங்கர் கப்பலை வாடகைக்கு விட்டவர்.

பஞ்சாயத்து முன்னாள் உறுப்பினர், கானல்காடு
கே: போகவிடாமல் தடுத்த கதை ஒன்றாவது உண்டா? எப்போதும் போனவர்கள் கதையே சொல்கிறீர்கள்.

ப: உண்டு, சர்க்கரை போடாமலே இனிக்கிற கதை. 2003ல் இராக்கைப் பிடித்த அமெரிக்கா, ஒரு டிவிஷன் படை அனுப்பு என்று இந்தியாவைக் கேட்டது. ஏறக்குறைய 17,000 பேர். போனால் ஒப்பந்தம் கிடைக்கும், செல்வாக்கு கிடைக்கும் என்று வாதாடியவர்கள் இங்கேயே இருந்தார்கள். வாஜ்பாய் பொறுமையாக யோசித்தார். ஜூலை 14 அன்று, ஐ.நா. ஆணை இல்லாமல் அனுப்ப முடியாது என்று அமைச்சரவைக் குழு சொல்லிவிட்டது.

அதனால் இராக் எண்ணெய் நமக்கு வராமல் போனதா? 2017-18ல் சவூதியை முந்திக்கொண்டு நமக்கு அதிகமாகக் கச்சா எண்ணெய் விற்ற நாடு எது தெரியுமா? இராக். ஒரு சிப்பாய் கூடப் போகவில்லை. பணம் கொடுத்தோம், எண்ணெய் வந்தது. வாஜ்பாய் கட்சிக்கு ஓட்டுப் போடாதவர்களும் அந்த ஜூலை 14க்காக அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

மிளகு வியாபாரி, தாண்டிக்குடி
கே: ஒரு பொருளுக்காகச் சண்டை போடுவது என்றைக்காவது நிற்குமா அய்யா?

ப: உங்கள் மூட்டையில் இருப்பதற்கே ஒரு காலத்தில் பீரங்கி வெடித்தது. 1498ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது மிளகு தேடி. 1502ல் மறுபடி வந்தவர் அதே கோழிக்கோட்டைக் கப்பலிலிருந்து சுட்டார். இன்றைக்கு வத்தலக்குண்டு கமிஷன் கடையில் மிளகைக் கடித்துப் பார்த்து, ஈரம் அதிகம் என்று கிலோவுக்கு நாலு ரூபாய் குறைக்கிறார்கள். அதிகபட்சம் வாய்ச்சண்டை. எண்ணெயும் அந்த நிலைக்கு வரட்டும் என்று தாண்டிக்குடி முருகனிடம் நானும் வேண்டிக்கொள்கிறேன்.

பொறியியல் பட்டதாரி, பண்ணைக்காடு
கே: எல்லாரும் மின்சார வண்டிக்கு மாறினால் எண்ணெய்ப் போர் ஒழியுமா?

ப: எண்ணெய்ப் போர் ஒழியும். லித்தியம் எந்த நாட்டு மண்ணில் இருக்கிறது என்று இப்போதே வரைபடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

90 வயதுத் தாத்தாவின் பேத்தி, மங்களம்கொம்பு
கே: போர்க்காலத்தில் கரியில் பஸ் ஓடியது என்று தாத்தா சொல்வது நிஜமா, கதையா?

ப: நிஜம். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு. 1942ல் ரங்கூன் ஜப்பான் கைக்குப் போனதும் பர்மா எண்ணெயும் போனது. பஸ்ஸின் முதுகில் உலை கட்டி, கரியைப் புகையவிட்டு, அந்த வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். மேடு வந்தால் மூச்சு வாங்கும், பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். தாத்தா தள்ளினாரா என்று கேளுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். போர் முடிந்த பிறகும் சிப்பாய்களை வீட்டுக்கு அனுப்புவதில் வெள்ளைக்காரன் இழுத்தடித்தான். மட்டமான சோறு, இனவெறி வசவு ஆகியவற்றோடு அந்த இழுத்தடிப்பும் சேர்ந்துதான் 1946 பிப்ரவரியில் பம்பாய்க் கடற்படை மாலுமிகளைக் கொதிக்கவைத்தது. வீட்டுக்கு அனுப்பாத சாம்ராஜ்யம் அடுத்த வருடமே தன் வீட்டுக்குக் கிளம்பியது.

ஆட்டோ ஓட்டுநர், கொடைக்கானல்
கே: வளைக்காமல் சொல்லுங்கள். பெட்ரோல் 200 ரூபாய் ஆனாலும் வீரர்களைத் திருப்பி அழைக்கத்தான் சொல்வீர்களா?

ப: சொல்வேன். அந்த 200ஐ நீங்கள் தனியாகச் சுமக்கவும் விட மாட்டேன். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தது. வருடத்துக்கு 1,160 கோடி இழப்பு என்றது, கோட்டை இடிந்து விழவில்லை. 2022 மே மாதம் மத்திய அரசு பெட்ரோலுக்கு 8 ரூபாயும் டீசலுக்கு 6 ரூபாயும் குறைத்தது, செங்கோட்டையும் அதே இடத்தில் இருக்கிறது. விலையை இறக்க ஒரு அரசாணை போதும். செத்தவனை எழுப்ப எந்த அரசாணையும் கிடையாது.

ராணுவத்தில் சேர விரும்பும் இளைஞன், சித்தரேவு
கே: சியாச்சினிலிருந்து படையை இறக்கினால் நாட்டுக்குக் கேவலம் இல்லையா?

ப: 2016 பிப்ரவரி 3, மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த 10 பேர்மேல் அங்கே பனிச்சுவர் விழுந்தது. அதில் நம் தமிழ்நாட்டுப் பையன்களும் உண்டு. 2012 ஏப்ரலில் எதிர்ப்பக்கம் கயாரி முகாமில் பனி சரிந்து பாகிஸ்தான்காரர்கள் 140 பேர் போனார்கள். 1984லிருந்து அங்கே குண்டு தின்றதைவிடக் குளிர் தின்றதுதான் அதிகம். குடிதண்ணீருக்கே பனிக்கட்டியை மண்ணெண்ணெய் அடுப்பில் உருக்க வேண்டிய இடம்.

ஒருதலையாக இறங்கு என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாடும் யார் எங்கே நின்றார்கள் என்று வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரே நாளில் இறங்கட்டும். நீ சேர், நன்றாகச் சேவை செய். உன்னை எங்கே நிறுத்துகிறார்கள், ஏன் நிறுத்துகிறார்கள் என்று கேட்கிற வேலையை ஊரில் இருக்கிற நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

எல்லையில் பணிபுரியும் வீரரின் மனைவி, தாண்டிக்குடி
கே: அவருக்கு லீவு தள்ளிக்கொண்டே போகிறது. மாமியாருக்கு உடம்பு முடியவில்லை. டிவியைப் போட்டால் எண்ணெய் விலையே ஓடுகிறது. யாரிடம் போய்க் கேட்பது?

ப: தங்கச்சி, திண்டுக்கல்லில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பெயரில்தான் ‘முன்னாள்’. பணியில் இருப்பவர் குடும்பத்துக்கும் துணை நிற்க வேண்டிய இடம் அது. அவருடைய படை எண், பிரிவு, மாமியாரின் மருத்துவச் சீட்டு நகல் மூன்றையும் சேர்த்து மனு எழுதுங்கள். அவரையும் அங்கிருந்தே தன் பிரிவு அதிகாரிக்கு எழுதச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் தட்டினால் கதவு சீக்கிரம் திறக்கும்.

டிவியை அணைத்துவிடுங்கள். அவர் வரும் ரயில் எத்தனை மணிக்குத் திண்டுக்கல் சேரும் என்பது அதில் ஓடாது.